ஆவணப்பட வரலாற்றை எந்த வழியில் எழுதுவது: நான்கு ஆய்வுமுறைகளும் ஒரு தேர்வும்

1935ஆம் ஆண்டில் லண்டன் நகரின் ஸ்டெப்னி பகுதியில் எடுக்கப்பட்ட ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ என்ற குறும் ஆவணப்படத்தில், பாழடைந்த குடியிருப்புகளில் வாழ்ந்த பெண்களும் ஆண்களும் கேமராவை நேராகப் பார்த்து, தங்கள் வீட்டுச் சுவரின் நிலையையும் எலித்தொல்லையையும் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். இன்று எந்தச் செய்தித் தொகுப்பிலும் காணக்கூடிய இந்த முறை அன்று பெரும் புதுமையாக இருந்தது. கனத்த ஒலிப்பதிவுக் கருவிகளை ஓர் ஏழைக் குடும்பத்தின் குறுகிய அறைக்குள் கொண்டுபோய், அங்கு வாழ்பவரின் குரலை அவர் வாயிலிருந்தே பதிவுசெய்ய அதற்கு முன் முயன்றவர்கள் மிகச் சிலரே. இந்தப் படத்தின் வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளர் எங்கிருந்து தொடங்க வேண்டும்? இயக்கியவர்களாகப் பெயர் பெற்ற ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி ஆகியோரிடமிருந்தா, படத்துக்குப் பணம் தந்த பிரிட்டிஷ் எரிவாயுத் தொழில் சங்கத்தின் கோப்புகளிலிருந்தா, நேர்முகப் பேச்சு என்ற வடிவத்திலிருந்தா, அல்லது கேமராவின் முன் நின்று பேசிய மனிதர்களிடமிருந்தும் அவர்களைத் திரையில் கண்டவர்களிடமிருந்துமா?

இந்த நான்கு தொடக்கங்களும் திரைப்பட வரலாற்றாய்வின் நான்கு பெரும் வழிகள். நான்கையும் கலந்து எழுதிவிடலாம் என்று சொல்வது எளிது. ஆனால் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் ஓர் ஆய்வேட்டையோ நூலையோ முடிக்க வேண்டியவருக்கு அது பயன்படும் பதிலாக எனக்குத் தோன்றவில்லை. முதலில் எந்த வழியில் இறங்குகிறோமோ அதுவே பின்னர் நாம் கேட்கும் கேள்விகளையும், தேடும் சான்றுகளையும், கவனிக்காமல் விட்டுவிடும் மனிதர்களையும் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வழியும் எதைத் தரும், எதை மறைக்கும், எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்பதை முன்னதாகவே எடைபோட்டுவிடுவது நல்லது.

இயக்குநரை மையமாக வைக்கும் ஆய்வே பெரும்பாலோர் முதலில் நாடும் வழி. 1948இல் பிரெஞ்சு விமர்சகர் அலெக்சாந்த்ர் அஸ்த்ரூக் கேமராவை எழுதுகோலுக்கு ஒப்பிட்டதும், 1954 ஜனவரியில் ‘கையே து சினிமா’ என்ற பிரெஞ்சுத் திரைப்பட இதழில் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரையும், இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற அந்தக் கருத்தை 1962இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ சாரிஸ் ஒரு கோட்பாடாக வகுத்ததும் இவ்வழியின் அறிந்த மைல்கற்கள். இங்கே மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. இந்தச் சிந்தனை முதன்மையாகக் கதைப்படங்களை, அதிலும் பெரிய படப்பிடிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்தும் தமக்கென ஒரு முத்திரையைப் பதித்தவர்களை, அடையாளம் காண்பதற்காக வளர்ந்தது. அதை ஆவணப்படத்துக்கு அப்படியே கொண்டுவரும்போது, படத்தின் முன்னே இருக்கும் உலகமும் அதில் வாழும் மனிதர்களும் இயக்குநரின் கற்பனைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்ற அடிப்படை வேறுபாடு பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

ஆனாலும் இவ்வழியை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க ஆவணப்படக்காரர் ஃபிரெடரிக் வைஸ்மன் 1967இல் வெளியான ‘டிட்டிகட் ஃபாலீஸ்’ முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, பின்னணி விளக்கக் குரலும் நேர்காணலும் இல்லாமல், ஒரு மருத்துவமனை, ஒரு பள்ளி, ஒரு நீதிமன்றம் என நிறுவனங்களையே தொடர்ந்து படமாக்கினார். இயக்கம், தயாரிப்பு, படத்தொகுப்பு ஆகிய மூன்றையும் தாமே ஏற்று, பெரும்பாலும் ஒலிப்பதிவையும் தாமே செய்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை ஒருவருடைய நீண்ட சிந்தனையாகப் படிப்பது முற்றிலும் பொருத்தமானது. இத்தகைய ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் ஆய்வாளருக்கு எல்லை தெளிவாக இருக்கும். படங்கள் பெரும்பாலும் கிடைக்கும், பேட்டிகளும் ஏராளமாகக் கிடைக்கும், குறித்த காலத்துக்குள் வேலையும் முடியும்.

சிக்கல், எல்லா ஆவணப்படக்காரர்களையும் இந்த அளவுகோலால் அளக்கும்போது எழுகிறது. சோவியத் இயக்குநர் ட்ஸிகா வெர்டோவின் பெயரால் அறியப்படும் 1929ஆம் ஆண்டின் ‘மேன் வித் எ மூவி கேமரா’ படத்தில் திரையில் தோன்றும் ஒளிப்பதிவாளர் அவருடைய தம்பி மிகயீல் காஃப்மன். படச்சுருளை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் பெண் அவருடைய மனைவியும் படத்தொகுப்பாளருமான எலிசவேத்தா ஸ்விலோவா. தன்னை உருவாக்கியவர்களைப் படமே இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியும், பல பத்தாண்டுகள் எழுதப்பட்ட வரலாறு ஒரே பெயரைத்தான் தாங்கி நின்றது. 1970இல் வெளியான ‘கிம்மி ஷெல்ட்டர்’ படம் மேசில்ஸ் சகோதரர்களின் படமாகவே பேசப்படுகிறது. அதன் கட்டமைப்பு முழுவதும் படத்தொகுப்பு மேசையைச் சுற்றியே அமைந்திருந்தும், இணை இயக்குநராகவே பெயர் பெற்றிருந்தும், சார்லட் ஸ்வெரின் பேச்சில் மூன்றாம் இடத்துக்குப் போய்விடுகிறார். ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ படத்தில் குடியிருப்பாளர்களோடு பழகி, அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்று, கேமராவுக்கு முன் இயல்பாகப் பேசவைத்த ரூபி க்ரியர்சனுக்கு இயக்குநர் என்ற பெயரே கிடைக்கவில்லை. அந்தப் படத்தில் நாம் இன்று மதிப்பது எதுவோ அதற்குப் பெரிதும் காரணமானவர், இயக்குநர் பட்டியலை மட்டும் பார்த்து எழுதுபவரின் கண்ணில் படவே மாட்டார். இவ்வழியின் மிகப் பெரிய இழப்பு இது என்று நான் கருதுகிறேன். இப்படி விடுபடுபவர்களில் பெண்கள் மிகுதியாக இருப்பதும் தற்செயல் அல்ல. படத்தொகுப்பு, ஆய்வு உதவி, மக்கள் தொடர்பு போன்ற பெயர் குறைந்த வேலைகளே அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன.

இரண்டாவது சிக்கல் பேட்டிகளைச் சார்ந்தது. இயக்குநர் ஆய்வு, இயக்குநரின் வாய்மொழியை முதன்மைச் சான்றாகக் கொள்ளத் தூண்டுகிறது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றிய ‘ஒலிம்பியா’ படத்தை அதன் இயக்குநர் லெனி ரீஃபன்ஸ்டால் தமது சொந்த நிறுவனத்தின் சுதந்திரமான தயாரிப்பாகவே நெடுங்காலம் சொல்லிவந்தார், அந்தக் கூற்று பேட்டிகள் வழியாகப் பல இடங்களில் நிலைபெறவும் செய்தது. 1974இல் ஹான்ஸ் பார்க்ஹவுசன், நாஜி ஜெர்மானிய அரசின் பழைய கோப்புகளைக் கொண்டு, அந்த நிறுவனம் அரசுப் பணத்தில் அரசுக்காகவே அமைக்கப்பட்டது என்பதையும், தயாரிப்பாளராக வெளிப்படையாகத் தெரிவதை அரசு விரும்பாததே அதற்குக் காரணம் என்பதையும் எடுத்துக்காட்டினார். எத்தனை பேட்டிகள் எடுத்திருந்தாலும் வெளிவந்திராத உண்மை அது.

கதைப்பட உலகிலும் இதற்கு இணையான வழக்கு ஒன்று உண்டு. ‘சிட்டிசன் கேன்’ படத்தின் திரைக்கதை ஹெர்மன் மேங்கிவிட்ஸ் ஒருவருடையதே என்று 1971இல் விமர்சகர் பாலின் கேல் வாதிட்டபோது எழுந்த பூசலைத் தீர்க்க உதவியது ரசனை வாதம் அல்ல, ஆய்வாளர் ராபர்ட் கேரிங்கர் திரைக்கதையின் அடுத்தடுத்த வரைவுகளை வரிசையாக வைத்து ஒப்பிட்ட பொறுமையான வேலைதான். படத்தின் இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் பங்கும் பெரியது என்று அது நிறுவியது. படைப்பாளி யார் என்ற கேள்விக்குக்கூடக் காப்பகத்தில்தான் பதில் கிடைத்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

காப்பகத்தையும் தயாரிப்பு நிறுவனத்தையும் மையமாக வைக்கும் வழி 1970களின் இறுதியில் புதிய வலிமை பெற்றது. 1978இல் பிரைட்டன் நகரில் திரைப்படக் காப்பகங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு நடத்திய மாநாட்டில், 1900 முதல் 1906 வரையிலான நூற்றுக்கணக்கான படங்களை ஆய்வாளர்கள் ஒருசேரப் பார்த்தார்கள். தொடக்ககாலப் படங்கள் பிற்காலக் கதைசொல்லலின் முதிராத முன்னோடிகள் மட்டுமே என்ற கருத்து அங்கிருந்து ஆட்டம் காணத் தொடங்கியது. 1985இல் டேவிட் போர்ட்வெல், ஜேனட் ஸ்டைகர், கிறிஸ்டின் தாம்சன் மூவரும் ஹாலிவுட் பாணியை ஆராய்ந்தபோது, புகழ்பெற்ற படங்களைப் பொறுக்கி எடுக்காமல், சார்பற்ற முறையில் தேர்ந்த 100 படங்களையும் தொழில் ஆவணங்களையும் அடிப்படையாகக் கொண்டனர். நல்ல படங்களின் வரலாறு வேறு, எடுக்கப்பட்ட படங்களின் வரலாறு வேறு என்பதைச் செய்துகாட்டிய முயற்சி அது.

ஆவணப்படத்துக்கு இவ்வழி ஏன் இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதற்கு எனக்குத் தெளிவான காரணம் உண்டு. ஆவணப்படம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய தேவைக்காக, யாரோ ஒருவருடைய பணத்தில் எடுக்கப்பட்டது. வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்களைப் பற்றிய ராபர்ட் ஃபிளாஹெர்ட்டியின் ‘நானூக் ஆஃப் த நார்த்’ 1922இல் வெளிவரப் பணம் தந்தது ரெவியோன் ஃப்ரேர் என்ற மென்மயிர் வணிக நிறுவனம். ஜான் க்ரியர்சன் வளர்த்த பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கம் பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியத்தில் தொடங்கி, 1933இல் அஞ்சல் துறைக்கு மாறி, 1940இல் போர்க்காலத் தகவல் பணிக்குள் சென்றது. பாசில் ரைட்டின் 1934ஆம் ஆண்டுப் படமான ‘சாங் ஆஃப் சிலோன்’ தேயிலைப் பிரசார வாரியத்தின் ஆதரவில் உருவானது. ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ படத்துக்கு எரிவாயுத் துறை ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டால், பழைய குடியிருப்புகள் அகற்றப்பட்டுப் புதியவை எழும்போது எரிவாயு அடுப்புகளுக்கும் வெப்பக் கருவிகளுக்கும் சந்தை விரியும் என்ற கணக்கு தென்படுகிறது. ஏழைகளின் குரலைப் பதிவுசெய்த பெருமையையும் இந்த வணிகக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே அந்தப் படம் முழுமையாக விளங்கும். ஒன்றால் மற்றொன்று பொய்யாகிவிடுவதில்லை.

இவ்வழியில் படச்சுருளும் ஓர் ஆவணமாகிவிடுகிறது. ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பாடபேதங்களைக் குறித்துப் பதிப்பித்தவர்களின் உழைப்பை அறிந்த நமக்கு இது எளிதில் புரியும். ஒரு படத்துக்கும் பல பிரதிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் விடுபட்டவையும் சேர்க்கப்பட்டவையும் உண்டு. ‘நானூக்’ படத்தை 1922இன் மௌனப் பிரதியில் பார்த்தவரும், 1940களின் இறுதியில் விளக்கக் குரலும் இசையும் சேர்த்து வெளியிடப்பட்ட பிரதியில் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாகக் கொள்ள முடியாது. எந்தப் பிரதியைப் பார்த்தேன் என்று முன்னுரையில் சொல்லாத ஆய்வேட்டை நான் சற்று ஐயத்தோடுதான் படிப்பேன்.

காப்பக வழியின் குறைகளும் சிறியவை அல்ல. எரியும் தன்மையுடைய நைட்ரேட் சுருள்களும் அலட்சியமும் சேர்ந்து அழித்தது மிகப் பெரியது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 மௌனக் கதைப்படங்களில், முதலில் வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடு என்று 2013இல் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஃபிளாஹெர்ட்டி முதலில் எடுத்த வடதுருவப் படச்சுருள்களும் 1916இல் ஒரு சிகரெட் நெருப்பில் எரிந்துபோனவைதாம். காகிதங்களிலும் இதே நிலைதான். அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும் கோப்புகளைப் பேணின, சிறு குழுக்களும் தனியாட்களும் பேணவில்லை. எனவே கோப்புகளை மட்டும் நம்பி எழுதப்படும் வரலாறு அதிகாரத்தின் பக்கமே சாய்கிறது. அக்கோப்புகளை எழுதிய அதிகாரி தம் மேலதிகாரி படிப்பதற்காகவே எழுதினார் என்பதை மறந்தால், அவருடைய பார்வையையே நாம் வரலாறாகப் படியெடுத்துவிடுவோம். காலம், பயணச் செலவு, காப்பகத்தின் அனுமதி, கோப்புகளின் மொழி ஆகியவையும் உண்மையான தடைகள். பழைய திரைப்பட இதழ்கள் பெரிய அளவில் எண்மயமாக்கப்பட்டு இணையத்தில் கிடைப்பது ஓரளவு துணை செய்கிறது. ஆனால் அச்சான இதழ்கள் விளம்பரத்தின் குரலில் பேசுபவை, தயாரிப்புக் கடிதங்களுக்கு அவை ஈடாகா.

வடிவத்தை மையமாக வைக்கும் மூன்றாம் வழிக்குத் தேவை ஒரு நல்ல பிரதியும் பொறுமையும்தான். அதனால்தான் வகுப்பறைகளில் இது செல்வாக்குப் பெற்றது. பில் நிக்கோல்ஸ் 1991இல் ஆவணப்படத்தின் முறைமைகளை விளக்கவழி (குரல் விளக்கிச் சொல்வது), கண்காணிப்பு (குறுக்கிடாமல் பார்ப்பது), ஊடாட்டம் (படமெடுப்பவர் தாமும் பேசிப் பழகுவது), தன்னுணர்வு (படம் தன் ஆக்கத்தையே காட்டுவது) என நான்காக வகுத்து, பின்னர் ஆறாக விரித்தார். ஒரு படம் நம்மை நம்பவைக்க எந்த உத்தியைக் கையாளுகிறது என்று கேட்க இந்த வகைப்பாடு பேருதவி செய்கிறது. வரலாறாக மட்டும் இதைக் கொள்ளக் கூடாது. ஒரு முறைமையின் போதாமையிலிருந்து அடுத்தது பிறந்தது என்ற தோற்றத்தை இது தருவதாக ஸ்டெல்லா ப்ரூசி 2000இல் முன்வைத்த மறுப்பு எனக்கு ஏற்புடையது. தன்னுணர்வு முறைமையின் சிறந்த சான்று வெர்டோவின் படமாக 1929லேயே வந்துவிட்டது, நேர்முகப் பேச்சு ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ வழியாக 1935லேயே வந்துவிட்டது. 1960இல் ‘பிரைமரி’ என்ற அமெரிக்கப் படமும் 1961இல் ‘ஒரு கோடைகாலத்தின் வரலாறு’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் படமும் அடுத்தடுத்து வந்ததை விளக்க, முறைமைகளின் உள்வளர்ச்சியைவிட, தோளில் சுமக்கத்தக்க 16 மி.மீ. கேமராவும் 1958இல் வந்த நாக்ரா 3 போன்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் நமக்கு அதிகம் சொல்கின்றன. ஷாட்களின், அதாவது வெட்டில்லாமல் ஓடும் காட்சித் துண்டுகளின், சராசரி நீளத்தை அளந்து ஒப்பிடும் புள்ளியியல் முறையும் இவ்வழியின் கிளையே. படத்தொகுப்பின் வேகம் பற்றிய பொத்தாம் பொதுவான கூற்றுகளைச் சரிபார்க்க அது உதவும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

நான்காம் வழி, பார்த்தவர்களையும் படமாக்கப்பட்டவர்களையும் தேடிச் செல்வது. 1930களில் பிரிட்டனில் திரையரங்குக்குச் சென்றவர்களின் நினைவுகளைத் திரட்டி ஆனெட் குன் எழுதிய நூல், படத்தைவிடப் படம் பார்க்கப் போன நடையும் கூட வந்த துணையும் மனத்தில் ஆழப் பதிகின்றன என்பதைக் காட்டியது. நினைவு ஆண்டையும் நாளையும் பிழையாகச் சொல்லும், ஆனால் அந்த அனுபவம் என்னவாக இருந்தது என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆவணப்பட ஆய்வில் இவ்வழி அறத்தோடும் நேரடியாகத் தொடர்புடையது. ‘நானூக்’ என்று உலகம் அறிந்தவரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். அவருடைய இனத்தார் அப்போதே துப்பாக்கியைப் பயன்படுத்தினார்கள், படத்தில் ஈட்டியோடு வேட்டையாடுகிறார்கள். பனிவீட்டின் உள்ளே போதிய வெளிச்சம் இல்லாததால் பாதி வெட்டப்பட்ட பெரிய பனிவீடு ஒன்று படத்துக்காகவே கட்டப்பட்டது. படக்குழுவின் தொழில்நுட்ப வேலைகள் பலவற்றைச் செய்தவர்களும் அந்த இன்யூட் மக்களே. இவற்றை ஃபிளாஹெர்ட்டியின் குற்றப் பட்டியலாக மட்டும் எழுதுவோரும் உண்டு. அந்த மக்களின் வழித்தோன்றல்களிடம் கேட்டு எழுதும்போதுதான், தம் முன்னோர் ஏமாற்றப்பட்ட அப்பாவிகள் அல்லர், தெரிந்தே நடித்தவர்கள், கூடச் சேர்ந்து உழைத்தவர்கள் என்ற மற்றொரு பக்கமும் வரலாற்றுக்குள் வருகிறது. இதற்கு மொழியறிவும் நீண்ட பழக்கமும் வேண்டும். மூன்று மாதப் பயணத்தில் இதை முடித்துவிடலாம் என்று எண்ணுபவர் தொடங்காமல் இருப்பதே அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். காப்பகங்களை அடைய வழியே இல்லாமல், ஒரே ஆண்டுக்குள் முடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர் வடிவ ஆய்வைத் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் அதற்கு வரலாறு என்று பெயரிடாமல் இருக்க வேண்டும். தாமே தயாரித்து, தாமே தொகுத்து, பல பத்தாண்டுகள் ஒரே கேள்வியைத் தொடர்ந்த ஒருவரைப் பற்றி எழுதுபவருக்கு இயக்குநர் வழி தக்கது. படமாக்கப்பட்ட சமூகத்துக்குள்ளேயே வாழ்பவர், அல்லது அவர்களுடைய மொழியை அறிந்தவர், நான்காம் வழியைத் தவிர வேறெதையும் முதலில் எடுக்க வேண்டாம். அவர் பெறக்கூடிய சான்று வேறு யாருக்கும் கிடைக்காது, பேசக்கூடிய முதியவர்களின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் குறைகிறது.

மற்ற எல்லாருக்கும், அதாவது பெரும்பாலோருக்கு, நான் பரிந்துரைப்பது காப்பக வழியே. பல இயக்குநர்களையோ ஒரு முழுக் காலகட்டத்தையோ எடுத்துக்கொள்ளாமல், ஒரே படத்தையோ ஒரே தயாரிப்புப் பிரிவின் நான்கைந்து ஆண்டுகளையோ எடுத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டார், யார் பணம் தந்தார், முதல் வரைவில் என்ன இருந்தது, படத்தொகுப்பில் எது போயிற்று, எந்தப் பிரதி எங்கே காட்டப்பட்டது என்ற ஐந்து கேள்விகளையும் கோப்புகளிடம் கேளுங்கள். ஆவணப்படம் உண்மையைச் சொல்வதாக நம்மிடம் உரிமை கோருகிறது. அந்தக் கோரிக்கையைப் படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சோதிக்க முடியாது, படத்துக்கு வெளியே உள்ள சான்றுகளே அதற்கு வேண்டும். கதைப்பட ஆய்வாளருக்கு இல்லாத இந்தக் கடமைதான் என் தேர்வுக்கு முதன்மைக் காரணம். இயக்குநரின் பெயர் கோப்புகளைத் தேடுவதற்கான வாயிலாகவும், வடிவ ஆய்வு எதைத் தேட வேண்டும் என்று உணர்த்தும் துணையாகவும் அப்போது தத்தம் இடத்தில் அமைந்துகொள்ளும்.

இவ்வழியைத் தேர்ந்தவர் முதல் வாரத்திலேயே ஒரு சிறு முடிவை எடுக்க வேண்டியிருக்கும். ஆய்வேட்டின் பின்னிணைப்பாக வரும் திரைப்பட அட்டவணையில் ‘இயக்கம்’ என்று ஒற்றைப் பத்தி வைப்பதே வழக்கம். அதற்குப் பதிலாக, கேட்டவர், பணம் தந்தவர், இயக்கியவர், ஒளிப்பதிந்தவர், தொகுத்தவர், பெயர் குறிக்கப்படாமல் உழைத்தவர், பார்த்த பிரதி என ஏழு பத்திகளை வரைந்துகொள்ளலாம். ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ படத்துக்கு எதிரே ஆறாம் பத்தியில் ரூபி க்ரியர்சனின் பெயரை எழுதும்போது, அதே பத்தியில் இன்னும் எத்தனை கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன என்பது தெரியவரும். அடுத்த மாதம் எந்தக் கோப்பைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அந்த வெற்றுக் கட்டங்களைக் கொண்டே முடிவு செய்யலாம்.